ஓலை பெயர்த்தெழுதிய முறையும் ஃபர்ம்வேர் அப்டேட்டும்



மலர்க் குழுவினர் வழக்கம்போல் ஏடு, கல்வெட்டு பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். இம்முறை என் கடைக் கல்லாவுக்கு முன்னால் நின்று தினமும் நாலு பேர் கேட்கும் கேள்வியையே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "நயினாரே, டி.வி.யில ஏதோ அப்டேட்டுன்னு வருது, ஓகே குடுக்கலாமா, வேணாமா?" என்பதே அக்கேள்வி. டி.வி. போய், போன், மோடம், வாசல் கேமரா என்று பொருள்தான் மாறுகிறது; கேள்வி மாறுவதில்லை. ஏட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது போகப் போகத் தெரியும்.

நாம் வாழும் பகுதி இன்று மின்னணுக் கருவிகள் பிறக்கும் இடம். பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்ட ஸ்ரீசிட்டியில், 2015ஆம் ஆண்டு ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷாவ்மி நிறுவனத்தின் ரெட்மி 2 பிரைம் போன் தயாரானது. அந்நிறுவனத்துக்கு இந்தியாவில் செய்யப்பட்ட முதல் போன் அதுதான். 2018இல் டிக்சன் நிறுவனம் தன் திருப்பதி ஆலையில் ஷாவ்மி டி.வி.க்களைச் செய்து தரும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. கருவி நம் ஊரில் பிறக்கிறது. ஆனால் அதைப் பேணும் முறையை நம் தாய்மொழியில் சொல்வார் குறைவு. அக்குறையைச் சிறிதளவு தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

கருவியின் உடம்பு வன்பொருள். நாம் ஏற்றி இறக்கும் செயலிகள் மென்பொருள். இரண்டுக்கும் நடுவே, கருவி கண் விழித்தவுடன் 'நான் யார், என் வேலை என்ன' என்று அதற்கே சொல்லித் தரும் கட்டளைத் தொகுப்பு ஒன்று உள்ளே பதிந்திருக்கிறது. இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். தமிழில் நிலைபொருள் என்று வழங்குகிறோம். 1967ஆம் ஆண்டு ஆஷர் ஒப்லர் என்ற அமெரிக்கக் கணினியாளர் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

தொடக்கத்தில் இக்கட்டளைகள் மாற்ற முடியாதபடி பதிக்கப்பட்டன. திருமலைக் கோயிலில் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள் செப்பேட்டில் வெட்டப்பட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியது வெட்டியதுதான், பிழை இருந்தால் தகட்டையே மாற்ற வேண்டும். பிறகு புற ஊதாக் கதிர் காட்டி அழித்து, மறுபடி எழுதும் சில்லுகள் வந்தன. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா கண்ட ஃபிளாஷ் நினைவகம் வந்த பின், செப்பேடு சிலேட்டுப் பலகை ஆயிற்று. மின்சாரத்தாலேயே அழிக்கலாம், எழுதலாம். அப்டேட் என்னும் வசதி வீட்டுக்கு வீடு வந்தது இதனால்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே பலகை கைதவறி விழும் ஆபத்தும் கூடவே வந்தது.

அப்டேட் போடாமலே இருந்தால் என்ன?

"ஓடுற வண்டிய ஏன் சார் நோண்டணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வியாபாரியாகிய எனக்கும் அந்த மனநிலை புரியும். ஆனால் இன்றைய கருவி வீட்டுக்குள் தனியாக ஓடும் வண்டி அல்ல. இணையம் என்னும் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் வாசல். பூட்டில் ஓட்டை இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகும் பூட்டை மாற்றாமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணி நேரம் திறக்காமல் போயின. உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமரா, டி.வி.ஆர். பெட்டி, ரவுட்டர் ஆகியவற்றை மிராய் என்ற தீநிரல் கைப்பற்றி, அவற்றையே படையாகத் திரட்டித் தாக்கியிருந்தது. அக்கருவிகளில் சிலவற்றில் கடவுச்சொல் ஃபர்ம்வேருக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் நினைத்தாலும் மாற்ற முடியாது. அதற்குப் புதிய ஃபர்ம்வேர் ஒன்றே மருந்து.

அடுத்தது நம் நாட்டில் நடந்தது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடம்கள் திடீரென்று வேலை செய்யாமல் போயின. சுமார் 60,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஆலையில் வைத்த 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட மோடம்களுக்குள் தீநிரல் புகுந்து கெடுத்தது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனம் அப்போது கேட்டுக்கொண்டது. ஆகவே அப்டேட்டும் கடவுச்சொல் மாற்றமும் ஒரு வண்டியின் இரண்டு சக்கரங்கள். ஒன்றை மட்டும் செய்து பயனில்லை.

இதில் நம் குடும்பங்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். பெற்றோர் இங்கே தனியாக இருப்பார்கள். "அம்மா, நீ எதையும் அமுக்காதே, நான் வந்து பாத்துக்கறேன்" என்று பிள்ளை போனில் சொல்லிவிடுகிறான். அவன் வருவது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அதுவரை பென்ஷன் பணம் வரும் அந்தப் போன் ஓட்டைப் பூட்டோடு கிடக்கிறது. பயத்தால் செய்யாமல் விடுவதும் தெரியாமல் செய்வதும் இரண்டுமே நஷ்டம்தான். முறையோடு செய்வதே வழி.

ஆபத்து எங்கே வருகிறது?

பழைய ஓலை செல்லரித்தால் புது ஓலையில் பெயர்த்து எழுதுவது நம் முன்னோர் வழக்கம். அதில் நேரக்கூடிய கேடுகள் மூன்று: எழுதும்போதே விளக்கு அணைவது, வேறு நூலின் ஏட்டைத் தவறாக எடுத்துக்கொள்வது, மூல ஏட்டிலேயே பிழை இருப்பது. ஃபர்ம்வேரிலும் கேடு இந்த மூன்றுதான்.

முதலாவது, விளக்கு அணைவது. பல கருவிகளில் அப்டேட் நடக்கும்போது பழைய கட்டளைகள் அழிக்கப்பட்டு அதே இடத்தில் புதியவை எழுதப்படுகின்றன. பாதியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுமையாக இல்லை. கருவி கண் விழிக்கத் தெரியாமல் கிடக்கும். மெக்கானிக்குகள் இதை 'பிரிக் ஆயிடுச்சு' என்பார்கள், அதாவது செங்கல் ஆகிவிட்டது. என் வாடிக்கையாளர் ஒருவர், "நூத்துக்கு முப்பதுலயே நின்னுடுச்சு, பத்து நிமிஷம் பாத்துட்டு பிளக்கைப் புடுங்கிட்டேன்" என்று வந்து நின்றார். டி.வி.க்கு வாரன்டி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உள்ளே இருக்கும் போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தால் தானாகவே முடிந்திருக்கக் கூடும்.

இரண்டாவது, ஏடு மாறிப்போவது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம் தன் மின்னணுக் கதவுப் பூட்டுகளில் ஒரு மாடலுக்கு உரிய ஃபர்ம்வேரை வேறொரு மாடலுக்கு அனுப்பிவிட்டது. ஏறக்குறைய 500 வாடிக்கையாளர்களின் பூட்டுகளில் எண் அமுக்கித் திறக்கும் வசதி போயிற்று. தூரத்தில் இருந்தபடியே சரிசெய்யவும் வழியில்லை. பூட்டின் பாகத்தைக் கழற்றி அனுப்பவோ மாற்றிக்கொள்ளவோ வேண்டியிருந்தது. தயாரித்த நிறுவனத்துக்கே மாடல் மாறும் என்றால், கண்ட இடத்தில் ஃபைலை இறக்கிப் போடும் நமக்கு மாறாதா?

மூன்றாவது, மூலத்திலேயே பிழை. 2020 டிசம்பர் கடைசியில் ஷாவ்மி மி ஏ3 போனுக்கு வந்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட், போட்டவர்கள் பலரின் போனை உயிரற்றதாக்கிவிட்டது. நிறுவனம் அதன் வெளியீட்டை நிறுத்தி, வாரன்டி முடிந்தவர்களுக்கும் இந்தியாவில் கட்டணம் இல்லாமல் சரிசெய்து தருவதாக அறிவித்தது. நாம் எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் இப்படியும் நேரும். இதற்குத் தற்காப்பு, சில நாள் பொறுத்துப் போடுவதும் முன்கூட்டியே நகல் எடுத்து வைப்பதும்தான்.

எழுத்தெண்ணிப் பார்ப்பது

நல்ல படிப்பாளியை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்கிறோம். இது வெறும் புகழ்ச்சி இல்லை. ஏட்டுக் காலத்தில் எழுத்தை எண்ணுவது உண்மையான வேலை. திருவாய்மொழி உரைகளுக்கு ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று பெயர் இருப்பதைத் திருப்பதியில் இருக்கும் நாம் கேட்டிருப்போம். அங்கே படி என்பது ஓர் அளவு. ஒற்றெழுத்தை நீக்கி 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. சமண ஏடுகளிலும் இறுதியில் மொத்தம் இத்தனை கிரந்தம் என்று குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. கிரந்தமும் அதே 32 எழுத்துதான். எழுதினவருக்குக் கூலி கணக்கிடவும் உதவும். ஏட்டில் ஏதேனும் விடுபட்டதா, இடைச்செருகல் புகுந்ததா என்று பார்க்கவும் உதவும்.

ஃபர்ம்வேருக்கும் இதே கணக்கு இருக்கிறது. செக்சம் அல்லது ஹாஷ் என்று பெயர். முழு ஃபைலையும் கணக்கிட்டு ஓர் அடையாள வரிசை தருவார்கள். எஸ்.ஹெச்.ஏ. 256 என்ற முறையில் அது 64 குறிகள் கொண்டது. ஃபைலில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரிசையே வேறாகிவிடும். நிறுவனம் வெளியிட்ட வரிசையும் நாம் இறக்கிய ஃபைலின் வரிசையும் ஒன்றாக இருந்தால் வழியில் எதுவும் சிதையவில்லை என்று பொருள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. சரக்குப் பட்டியலில் 240 உருப்படி என்று எழுதி, மூட்டையிலும் 240 இருந்தால் எண்ணிக்கை சரி. பட்டியலையும் சரக்கையும் ஒரே திருடன் மாற்றியிருந்தால்? அதற்காகத்தான் மூட்டைக்கு அரக்கு முத்திரை. அதுபோல் நிறுவனங்கள் ஃபர்ம்வேருக்கு எண்முறைக் கையொப்பம் இடுகின்றன. நல்ல கருவி, அப்டேட்டை ஏற்கும் முன் தானாகவே முத்திரையைச் சோதித்து, பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். கருவியின் உள்ளே இருந்தே வரும் அப்டேட்டில் இந்தச் சோதனையெல்லாம் நமக்குத் தெரியாமலே நடக்கும். அதனால்தான் வெளியே இருந்து ஃபைல் கொண்டுவருவதை விட, கருவியின் செட்டிங்ஸ் வழியாகப் போடுவது மேல்.

பழைய ஏட்டை உடனே ஆற்றில் விடாதே

ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் பழக்கம் நம்மிடம் இருந்தது. சரியாகப் பிரதி எடுக்காமலே விட்டதால் நாம் இழந்த நூல்கள் எத்தனையோ. இந்தப் பாடத்தைப் பொறியாளர்கள் நன்றாகக் கற்றிருக்கிறார்கள். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், போனுக்குள் இரண்டு இடம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும். மற்றதில் புதியது எழுதப்படும். மறுபடி எழும்போது புதியதைத் தொடும். அது சரியாக எழாவிட்டால் பழையதற்கே திரும்பும். எல்லாக் கருவியிலும் இவ்வசதி இல்லை. இருந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. மேலே சொன்ன மி ஏ3 இந்த இரட்டை ஏட்டு வசதி கொண்ட போன்தான். ஆகவே நம் பங்கிலும் கவனம் வேண்டும்.

கருவி வாரியாகச் செய்ய வேண்டியவை

போன்: படங்கள், தொலைபேசி எண்கள், வாட்ஸ்அப் ஆகியவற்றுக்கு முதலில் நகல் எடுங்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜரிலும் போட்டுவிடுங்கள். உள்ளே இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாதாமாதம் வரும் சிறிய பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்ட்ராய்டு எண்ணே மாறும் பெரிய அப்டேட்டுக்கு மட்டும் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து, போட்டவர்கள் அனுபவத்தைக் கேட்டுப் போடலாம். ஊருக்குக் கிளம்பும் அன்றும், தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறக்கும் காலையிலும் வேண்டாம்.

டி.வி.: செட்டிங்ஸ் வழியாகவே போடுங்கள். பென் டிரைவ் மூலம் போட்டே ஆக வேண்டும் என்றால், பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒத்துப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே பேனல் வேறாக இருக்கலாம். திரை கறுத்துப் போனாலும், எண் நகராமல் நின்றாலும் அரை மணி நேரம் தொடாதீர்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது.

மோடம், ரவுட்டர்: இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் அவர்களே தொலைவில் இருந்து அப்டேட் செய்வார்கள், நாம் கைவைக்க வேண்டாம். ஆந்திராவில் 2017 டிசம்பரில் தொடங்கிய ஏ.பி. ஃபைபர்நெட் பெட்டி போன்றவற்றுக்கும் இதுவே பொருந்தும். நீங்களே வாங்கியது என்றால், இணைப்பின் யூசர் பெயர், பாஸ்வேர்டு ஆகியவற்றை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்டேட்டுக்குப் பின் சில பெட்டிகள் அவற்றை மறந்துவிடும். வை-ஃபை வழியாக அல்லாமல் கேபிள் செருகிச் செய்யுங்கள்.

கேமரா, டி.வி.ஆர்.: நம்மவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். மாட்டிக் கொடுத்தவர் போனதோடு சரி. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்கள் பலவற்றில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை வெளிவந்தது. நிறுவனம் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. ஆனால் அதை ஒவ்வொரு கேமராவிலும் யாராவது போட்டால்தானே ஆயிற்று? கேமராவுக்கும் பெட்டிக்கும் தனித்தனி அப்டேட் என்பதை நினைவில் வையுங்கள். வேண்டிய பதிவுகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் பார்க்கும் கேமராவின் ஓட்டை, ஜன்னல் ஓட்டையை விட மோசமானது.

கரண்ட் விஷயம்: கோடை மழைக்கு மேகம் கறுக்கும் நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடிக்குள்ளேயே சில கருவிகள் அணைந்து எழும். யு.பி.எஸ். முறையில் வைக்கும் சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள்.

ஏமாற்றுக்காரர்கள்

"உங்க போன் அப்டேட் ஆகலை, இந்த லிங்க்கை அமுக்குங்க" என்று வரும் செய்தியும் போனும் பொய். உண்மையான அப்டேட் கருவியின் செட்டிங்ஸுக்குள் வரும். வாட்ஸ்அப்பில் ஃபைலாக வராது. அது ஓ.டி.பி. கேட்காது, யு.பி.ஐ. ரகசிய எண் கேட்காது, 'உங்க ஸ்கிரீனைக் காட்டுங்க' என்று சொல்லாது. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் திரும்பும் வாய்ப்பு குறைகிறது.

வாங்கும்போதே கேட்க வேண்டியது

எந்தக் கருவிக்கும் அப்டேட் ஒரு நாள் நின்றுவிடும். ஆகவே விலை பேசும்போதே, "எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" என்று கேளுங்கள். 2023இல் கூகுள் பிக்சல் 8 போனுக்கும், 2024இல் சாம்சங் கேலக்ஸி எஸ்24 போனுக்கும் ஏழு ஆண்டு என்று உறுதி தந்தார்கள். விலை குறைந்த பல போன்களுக்கு இதில் பாதிகூட இல்லை. கேமராவுக்கு, பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். அப்டேட் நின்றுபோன பழைய போனைப் பாட்டு கேட்கக் கொடுங்கள். அதில் பேங்க் வேலை வேண்டாம்.

அதையும் மீறிக் கருவி நின்றுவிட்டால் தெருமுனையில் திறக்கக் கொடுக்காதீர்கள். திறந்தால் வாரன்டி போகலாம். பில்லோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், நிறுவனம் தந்த அப்டேட்டால் நின்றது என்று எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். செவி சாய்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கருவியின் பெயர், மாடல் எண், வாங்கிய நாள், இப்போதுள்ள ஃபர்ம்வேர் எண், கடைசியாக அப்டேட் செய்த தேதி ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். சங்கத்தின் இளைஞர்கள் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையாலேயே செய்ய வைத்தால் அது பெரிய தொண்டு. படித்துக் காட்டினால் போதும், நம் பெரியவர்கள் பிடித்துக்கொள்வார்கள். எழுத்தெண்ணிப் படித்த பரம்பரை அல்லவா!